பழுது எங்கே? பாலமுனையிலிருந்து தொடங்கும் வலையமைப்புப் படிப்பு

ஒலுவில் முதல் அக்கரைப்பற்று வரை, கணினி வலையமைப்பைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்கலாம்? வீட்டு மூலையில் மின்னிக்கொண்டிருக்கும் ரவுட்டர்தான் முதல் ஆய்வுகூடம்.

மஃரிபு முடிந்த நேரத்தில் பாலமுனையின் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் ஒரு வீட்டிலிருந்தாவது "நெட் இல்ல" என்ற குரல் கேட்கும். கட்டாரில் வேலை செய்யும் மகனோடு உம்மா கதைத்துக்கொண்டிருந்த வீடியோ அழைப்பு அப்படியே உறைந்து நிற்கும். ஏ.எல். எழுதப்போகும் மகளின் சூம் வகுப்பு பாதியில் அறுந்துபோகும். கடையைப் பூட்டிவிட்டு வந்த முதலாளியின் போனில் கடைக் கெமராவின் படம் வராது. மூன்று பேருக்கும் வாயில் வருவது அதே "நெட் இல்ல"தான். ஆனால் முதல் வீட்டில் வைஃபை அலை சுவரைத் தாண்டவில்லை. இரண்டாவது வீட்டில் டேட்டா முடிந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் கெமராவுக்குப் போகும் கம்பியின் முனை உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடக்கிறது.

ரவுட்டரை நிறுத்திப் போடுவது ஒன்றே நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் வைத்தியம். சில வேளை அது பலிக்கும். ஏன் பலித்தது என்று தெரியாததால் அடுத்த முறை பலிக்காதபோது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். ரவுட்டரில் கைவைக்கத் தெரிந்த காக்கா ஒருவர் ஊருக்குள் எங்கே இருக்கிறார் என்று தேடத் தொடங்குகிறோம்.

அந்தக் காக்கா எப்படி உருவாகிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம். கணினி வலையமைப்பைப் படிப்பது என்றால் தடித்த ஆங்கிலப் புத்தகங்களை மனனம் செய்வது என்று பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். அடிப்படையில் அது ஒரே ஒரு திறமை: ஒரு செய்தி எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருந்து, அந்த வழியில் எந்த இடத்தில் அது நின்றுபோனது என்று ஒழுங்காகத் தேடிச் சொல்வது. இந்தத் திறமை கைவந்துவிட்டால் மற்றப் பாடங்கள் எல்லாம் தாமாக வந்து அதில் ஒட்டிக்கொள்ளும்.

பாதை எப்படிப் போகிறது?

பாலமுனை, ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் நடுவில் இருக்கும் கரையோர ஊர். நம் போனிலிருந்து புறப்படும் செய்தி முதலில் வீட்டு ரவுட்டருக்கோ அருகிலுள்ள கோபுரத்துக்கோ போகிறது. அங்கிருந்து நிலத்தடி ஃபைபர் வழியாகவோ கோபுரத்துக்குக் கோபுரம் தாவும் நுண்ணலை வழியாகவோ நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பில் ஏறிக் கொழும்புப் பக்கம் சேர்கிறது. வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருந்தால் கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிளில் இறங்குகிறது. இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கல்கிசை, மாத்தறை போன்ற மேற்கு, தெற்குக் கரைகளிலேயே தரையேறுகின்றன. வங்கக் கடல் நம் வாசலில் இருந்தாலும் இணையம் நமக்குத் தீவின் மறுகரையைச் சுற்றித்தான் வருகிறது.

இந்தப் பாதையை அறிந்தவருக்கு ஒரு கணக்கு உடனே புரியும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். போய்த் திரும்ப 5,400. ஆகவே சிங்கப்பூர் சேர்வர் ஒன்றிலிருந்து பதில் வருவதற்குக் குறைந்தது 27 மில்லி செக்கன் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல ரவுட்டர்களும் உண்டு என்பதால் உண்மையில் இதைவிடக் கூடும். எவ்வளவு விலையுயர்ந்த பெக்கேஜ் போட்டாலும் இந்தத் தாமதம் குறையாது. ஒரு நொடியில் எவ்வளவு தரவு வரும் என்பது ஒரு கேள்வி. முதல் பதில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு கேள்வி. வீடியோ தரமாக ஓடும் இணைப்பிலேயே அழைப்பில் குரல் பிந்தி வருவது ஏன் என்பதற்கான விடை இங்கே இருக்கிறது.

இந்தப் பாதை ஒரே நாளில் போடப்பட்டதல்ல. 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில் பல்கலைக்கழகங்களுக்கான மின்னஞ்சல் வலையமைப்பு ஒன்று தொடங்கியது. அதுவே பின்னர் லேர்ன் என்ற பெயரில் நாட்டின் உயர்கல்வி வலையமைப்பாக வளர்ந்தது. பொதுமக்கள் பணம் கட்டிப் பெறும் இணையச் சேவை 1995இல் வந்தது. அதே ஆண்டில்தான் அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. மறு ஆண்டு அது முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் காலூன்றியது. பாலமுனைப் பிள்ளை ஒன்று துவிச்சக்கரவண்டியில் போய்வரும் தூரத்தில் இன்று பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன.

அந்த லேர்ன் வலையமைப்பு 2020இல் நாட்டுக்கே ஒரு பாடம் நடத்தியது. கொவிட் முடக்கத்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்னுக்குள் இருந்த பல்கலைக்கழகச் சேர்வர்களுக்குப் போய்வரும் தரவுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணம் அறவிடவில்லை. சூம் விரிவுரைகளையும் லேர்ன் தன் சேர்வர்கள் வழியாக ஓடச் செய்ததால் அவையும் மாணவர்களுக்கு இலவசமாகின. இது எப்படிச் சாத்தியமானது? இணையத்தில் போகும் ஒவ்வொரு பொதியின் தலையிலும் புறப்பட்ட முகவரியும் சேர வேண்டிய முகவரியும் எழுதப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்று லேர்னுடைய முகவரி என்றால் கணக்கில் சேர்க்காதே என்று நிறுவனத்தின் கருவிக்கு ஒரு விதி எழுதினால் போதும். அதே நாட்களில் வேறு வழிகளில் சூம் வகுப்புப் படித்த பாடசாலைப் பிள்ளைகள் டேட்டா வாங்கித்தான் படித்தார்கள். முகவரி என்ற ஒரு சின்ன விடயம் யாருக்குப் படிப்பு இலவசம், யாருக்குக் காசு என்று பிரித்துவிடுகிறது. அதனால் படிக்கத் தொடங்குபவர் முகவரியிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் பாடம்: நான்கு வரிகள்

விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து ஐ.பி.கொன்ஃபிக் ஓல் (ipconfig /all) என்ற கட்டளையைக் கொடுத்தால் சில வரிகள் வரும். போனில் வைஃபை இணைப்பின் விபரத்தைத் தொட்டாலும் அவை தெரியும். அவற்றில் நான்கைப் புரிந்துகொண்டால் முதல் மாதப் பாடம் முடிந்தது.

முதலாவது ஐ.பி. முகவரி. பெரும்பாலான வீடுகளில் 192.168 என்று தொடங்கும். உங்கள் வீட்டிலும் அதுதான், பக்கத்து வீட்டிலும் அதுதான், கல்முனையில் உள்ள கடையிலும் அதுதான். இது எப்படிக் குழம்பாமல் இருக்கிறது? நம் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பிரதான வீதி இருக்கும். ஊருக்குள் "பிரதான வீதி" என்றால் போதும். கொழும்பிலிருந்து கடிதம் போடுபவர் ஊரின் பெயரையும் எழுத வேண்டும். 192.168 என்பது அப்படி வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. 1990களில் இதற்கென்று சில எண் தொகுதிகளை உலகம் ஒதுக்கி வைத்தது. வெளியே போகும்போது ரவுட்டர் அந்த உள்முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளிமுகவரியை ஒட்டி அனுப்புகிறது. பதில் வந்ததும் எந்தக் கருவி கேட்டது என்று நினைவு வைத்து உள்ளே கொடுக்கிறது.

இரண்டாவது சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்று இருந்தால், முகவரியின் முதல் மூன்று எண்களும் ஒன்றாக உள்ள கருவிகள் எல்லாம் ஒரே வலையமைப்பு என்று பொருள். அப்படி 254 கருவிகள் வரை இருக்கலாம். கணினி ஒரு பொதியை அனுப்பும் முன் இந்த வரியைப் பார்த்துத்தான் "உள்ளேயா, வெளியேயா" என்று முடிவெடுக்கிறது.

மூன்றாவது கேட்வே. வெளியே போக வேண்டிய எல்லாவற்றையும் யாரிடம் கொடுப்பது என்று சொல்லும் வரி இது. வீட்டில் அது ரவுட்டரின் முகவரி.

நான்காவது டி.என்.எஸ். மனிதர் பெயரை நினைவு வைப்பார், இயந்திரத்துக்கு எண் வேண்டும். 1983இல் போல் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த இந்த முறை பெயரைக் கேட்டு எண்ணைக் கொடுக்கிறது. .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் இன்று இதே முறையில் இயங்குகின்றன.

இந்த நான்கு வரிகளே பழுதைப் பற்றியும் பேசும். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினி ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதாவது பழுது உங்களுக்கும் ரவுட்டருக்கும் இடையில். நிறுவனத்துக்கு அழைத்துப் பயனில்லை.

கடைக் கெமராக்களின் இன்னொரு சிக்கலும் இங்கேதான் விளங்கும். டோஹாவில் இருக்கும் மகன் ஊர்க் கடையைத் தன் போனில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கெமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபோர்வார்டிங்கை ரவுட்டரில் சரியாகப் போட்டாலும் சில இடங்களில் படம் போகாது. காரணம், உலகில் ஐ.பி. பதிப்பு 4இன் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலக இருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பகிர்ந்து முடிந்தன. முகவரி பற்றாததால் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு உங்கள் கடை எது என்று தெரியாது. இதைக் கண்டுபிடிப்பது எளிது: ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் உள்ள வெளிமுகவரியையும், "என் ஐ.பி. என்ன" என்று இணையத்தில் தேடினால் வருவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறென்றால் நீங்கள் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறீர்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. தீர்வு மூன்று: கெமரா நிறுவனத்தின் கிளவுட் வழியைப் பாவிப்பது, நிலையான வெளிமுகவரியைக் காசு கொடுத்து வாங்குவது, அல்லது ஐ.பி. பதிப்பு 6க்கு மாறுவது. இதை விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒருவரை நம் பக்கக் கடைக்காரர்கள் எல்லோரும் தேடுகிறார்கள்.

பிங்: ஐந்து கேள்விகள்

1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றில் மைக் மூஸ் என்ற பொறியியலாளர், தன் வலையமைப்பு ஏன் விட்டுவிட்டு இயங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சிறு நிரலை எழுதினார். அதற்குப் பிங் என்று பெயர் வைத்தார். மறுமுனைக்கு ஒரு சிறு பொதியை அனுப்பி, அது திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்வதுதான் அதன் முழு வேலை. நாற்பது ஆண்டு கடந்தும் வலையமைப்பு ரெக்னீசியன் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

தொடக்கநிலை மாணவர் அதை இந்த ஒழுங்கில் பழக வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள். ரவுட்டரில் விளக்கு எரிகிறதா? கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா? 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, கோபுரங்களின் பற்றரிகளே இறங்கிப்போனதை நாடு பார்த்தது. கரண்ட் இல்லாமல் வலையமைப்பு இல்லை.

அடுத்து, கட்டளைத் திரையில் 127.0.0.1 என்ற எண்ணுக்குப் பிங் கொடுங்கள் (ping 127.0.0.1). அது உங்கள் கணினியே தனக்குத்தானே பேசும் முகவரி. பதில் வரவில்லை என்றால் கோளாறு கணினியின் மென்பொருளில்.

மூன்றாவது, கேட்வே முகவரிக்குப் பிங். பதில் இல்லை என்றால் கம்பியோ வைஃபையோ ரவுட்டரோ காரணம். வைஃபையில் நேரம் 2, 3 மில்லி செக்கனில் நிற்காமல் 200, 400 என்று ஏறி இறங்கினால், பழுது வீட்டுக்குள்ளேதான்.

நான்காவது, 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங். அது கூகிள் நிறுவனத்தின் பொது டி.என்.எஸ். சேர்வர். கேட்வே பதில் தந்து இது தராவிட்டால், ரவுட்டருக்கு வெளியே, நிறுவனத்தின் பக்கம் பழுது. இப்போது வாடிக்கையாளர் சேவைக்கு அழைக்கலாம்.

ஐந்தாவது, ஏதாவது ஓர் இணையத்தளத்தின் பெயருக்குப் பிங். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், கோளாறு டி.என்.எஸ். வேறு டி.என்.எஸ். முகவரியைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சில சேர்வர்கள் பாதுகாப்புக்காகப் பிங்குக்குப் பதில் சொல்வதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே ஒரு முகவரியை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைப் பாருங்கள். இந்த ஐந்து கேள்விகளையும் ஒழுங்கு மாறாமல் கேட்கப் பழகிய பிள்ளை சேவை நிறுவனத்துக்கு அழைக்கும்போது "நெட் இல்ல" என்று சொல்லாது. "கேட்வே வரைக்கும் பதில் வருது, அதுக்கு வெளியால போகுதில்ல" என்று சொல்லும். மறுமுனையில் இருப்பவரின் குரலும் மாறும்.

கையில் எடுக்க வேண்டிய கம்பி

திரையில் மட்டும் படித்து வலையமைப்பு வராது. ஒரு முறையாவது கேபிளை வெட்டி முனை போட வேண்டும். வெளி உறையை விரலின் ஒரு கணு அளவுக்கு நீக்கினால் இரண்டு இரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் வெளிவரும். நான்கு சோடி, ஒவ்வொன்றிலும் முறுக்கு இறுக்கம் வேறு. வெளியிலிருந்து வரும் மின்குறுக்கீடு சோடியின் இரு கம்பியையும் ஒரே அளவில் தாக்கும். மறுமுனையில் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அந்தக் குறுக்கீடு கழிந்துபோகும். அதற்குத்தான் முறுக்கு. ஆகவே முனை போடும்போது தேவைக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது.

முறுக்கைப் பிரித்து விரலால் நீவி நேராக்கி, இடமிருந்து வலமாக இப்படி அடுக்க வேண்டும்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பச்சைச் சோடி மூன்றாம், ஆறாம் இடங்களில் பிரிந்து நிற்பது புதியவர்களுக்குப் பிழை போலத் தெரியும். அதை "ஒழுங்காக" அடுத்தடுத்து வைத்து இரு முனையும் ஒரே மாதிரி போட்டால் மலிவான சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் கேபிள் வேகமாக ஓடாது. மூன்றும் ஆறும் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும் என்ற விதி மீறப்பட்டிருக்கும். விளக்கு எரிவதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் வேலை தெரிந்தவருக்கும் உள்ள இடைவெளி இந்த ஒரு முனையில் தெரிந்துவிடும்.

கம்பிகளைச் சமமாக வெட்டி, பிளக்கின் முடிவு வரை தள்ளி, வெளி உறையும் பிளக்குக்குள் போயிருக்கிறதா என்று பார்த்து, கிரிம்பரால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஒரு ஓட்டம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. இணைப்பு 1000இல் ஓட வேண்டியது 100 மெகாபிட்டுக்கு இறங்கி நின்றால், எட்டில் ஏதோ ஒன்று தொடவில்லை என்று சந்தேகியுங்கள். 100க்கு நான்கு கம்பி போதும், 1000க்கு எட்டும் வேண்டும்.

நம் கரைக்கென்று சில பாடங்கள் உண்டு. கடலிலிருந்து வரும் உப்புக்காற்று பிளக்கின் தொடுமுனையை அரிக்கும். வெளியில் ஓடும் கேபிளுக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறையும் மூடிய பெட்டியும் வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள் விரைவில் உடையும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். இடிமின்னல் காலத்தில் வீட்டுக்கு வீடு இழுத்த செம்புக் கம்பி மின்னலின் அதிர்ச்சியை இரண்டு வீட்டுக் கருவிகளுக்கும் கொண்டுபோகும். ஃபைபர் கொண்டுபோகாது.

இன்னொரு எச்சரிக்கை: ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே சுவிட்ச்சில் செருகிவிட்டால் பொதிகள் சுற்றிச் சுற்றி ஓடி அலுவலகம் முழுவதும் நின்றுபோகும். இதைத் தடுக்கும் முறையை 1985இல் ராடியா பேர்ல்மன் என்ற பெண் வடிவமைத்தார். ஆனால் நம் கடைகளில் விற்கும் சிறிய சுவிட்ச்கள் பலவற்றில் அது இல்லை. காரணம் தெரியாமல் முழு வலையமைப்பும் விழுந்தால், சுவிட்ச்சின் பின்னால் போய் ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள்.

வைஃபைக்கு ஒரே ஒரு சொல். சாய்ந்தமருது, கல்முனை போல வீடுகள் நெருங்கிய ஊர்களில் 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பக்கத்து வீடுகள் எல்லாம் 6இல் இருந்தால் நீங்கள் 1க்கோ 11க்கோ மாறுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் கொங்கிறீட் சுவரை அவ்வளவு எளிதில் தாண்டாது.

வலையமைப்புக்கு உண்மை பொய் தெரியாது

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் கருத்தடை மருந்து கலந்ததாகப் பரப்பப்பட்ட ஒரு வீடியோவே தீயை மூட்டியது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாவுக் கட்டி. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்துத் திகனையில் வன்முறை வெடித்தது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை நாடு முழுவதும் தடுத்தது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகத் தடை மீண்டும் வந்தது.

வலையமைப்புப் படிப்பவர் இந்த வரலாற்றை இரண்டு விதத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, தடை எப்படிப் போடப்படுகிறது: டி.என்.எஸ். பெயருக்கு எண்ணைக் கொடுக்க மறுக்கலாம். ரவுட்டர் குறிப்பிட்ட முகவரிகளுக்கான பொதிகளை வீசிவிடலாம். அந்த நாட்களில் தடையைத் தாண்டுவதற்காகப் பலர் கண்ணில் பட்ட இலவச வி.பி.என். செயலியை எல்லாம் போனில் இறக்கினார்கள். வி.பி.என். என்பது உங்கள் எல்லாப் பொதிகளையும் வேறொருவரின் சேர்வர் வழியாகக் கொண்டுபோவது. அந்த வேறொருவர் யார் என்று தெரியாமல் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது ஆபத்து.

இரண்டாவது இதைவிட முக்கியம். சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டு அடையாளம், நீங்கள் அந்தத் தளத்தோடுதான் பேசுகிறீர்கள், இடையில் யாரும் படிக்கவில்லை என்று மட்டுமே உறுதி தருகிறது. அங்கே எழுதியிருப்பது உண்மை என்று அது சொல்லாது. வாட்ஸ்அப்பின் குறியாக்கமும் அப்படியே. பொய்யையும் மெய்யையும் வலையமைப்பு ஒரே வேகத்தில் சேர்க்கும். அதைப் பிரிக்கும் பொறுப்பு மனிதரிடம் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைக்கு இது பரீட்சைக் கேள்வி மட்டுமல்ல, உயிர்க் கேள்வி.

எங்கே படிப்பது, எதில் தொடங்குவது?

ஓ.எல். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் வலையமைப்பின் முதல் பாடங்கள் உண்டு. ஏ.எல்.இல் அது விரிவாக வருகிறது. தமிழ் மொழியிலேயே கற்பிக்கப்படுகிறது, தமிழிலேயே பரீட்சையும் எழுதலாம். தொழில்நுட்பப் பிரிவு 2013 முதல் ஏ.எல்.இல் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகாதவர்களுக்குத் தேசிய தொழில் தகைமைப் பாதை உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் நான்காம் மட்டம் வரை முடித்தவர் மேலே டிப்ளோமாவுக்கும் ஏறலாம்.

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வேர்க்கிங் அகடமி 1997இல் தொடங்கியது. அதன் அடிப்படைப் பாடநெறிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பக்கெட் ட்ரேசர் என்ற அதன் மென்பொருளும் இலவசம். ரவுட்டர், சுவிட்ச் எதையும் வாங்காமல் திரையிலேயே பத்துக் கருவிகளை இணைத்து, பொதி ஒவ்வொன்றாக எப்படிப் போகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத தங்கச்சிமாருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இல்லை. உண்மையான பொதிகளைத் திறந்து பார்க்க வயர்ஷார்க் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் சொந்த வலையமைப்பில் மட்டும் பாருங்கள். அடுத்தவரின் வைஃபையில் காது கொடுப்பது களவு.

ஆங்கிலம் ஒரு தடையாகத் தெரியும். பாடநெறிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, கருவிகளின் கட்டளைகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் கட்டளைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அதிகமில்லை. கருத்தைத் தமிழில் தெளிவாக விளங்கிக்கொண்டவருக்கு அந்தச் சொற்கள் சில வாரங்களில் பழகிவிடும். கருத்து விளங்காமல் ஆங்கிலத்தை மட்டும் மனனம் செய்தவர்தான் நேர்முகத் தேர்வில் தடுமாறுவார்.

சான்றிதழைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய தொகை கட்டி, மூன்று மாதத்தில் வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சேரும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கேபிளைக் கையால் தொடாமல், கேட்வே என்றால் என்ன என்று சொல்லத் தெரியாமல் வாங்கிய சான்றிதழ் சுவரில்தான் தொங்கும். முதலில் வீட்டு ரவுட்டர், பிறகு பக்கெட் ட்ரேசர், பிறகு கடையிலோ பாடசாலையிலோ ஓர் உண்மையான வலையமைப்பைப் பராமரித்த அனுபவம், அதன் பிறகு பரீட்சைக் கட்டணம். இந்த ஒழுங்கில் போனவர்களுக்குப் பணமும் வீணாகாது, காலமும் வீணாகாது.

வேலை எங்கே என்று கேட்கிறீர்களா? வைத்தியசாலைகள், வங்கிக் கிளைகள், ஒலுவில் பல்கலைக்கழகம், பாடசாலைக் கணினிக் கூடங்கள், கெமரா பொருத்திய ஒவ்வொரு கடை, எல்லாமே வலையமைப்பில்தான் ஓடுகின்றன. வளைகுடாவுக்குப் போகத்தான் வேண்டும் என்றாலும், கேபிள் போடவும் பழுது கண்டுபிடிக்கவும் தெரிந்து போகிறவரின் சம்பளமும் மரியாதையும் வேறு.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் வாசிகசாலைகளிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு பெட்டி கேபிள், ஒரு கிரிம்பர், ஒரு சோதனைக் கருவி, பழைய சுவிட்ச் ஒன்று, யாரும் பாவிக்காமல் கிடக்கும் இரண்டு ரவுட்டர்கள். ஒரு வகுப்புக்கு இவ்வளவும் போதும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகளைச் சொல்லிக்கொடுக்க அழையுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அதே அறையில் அதே கருவிகள் கிடைக்க நேரம் ஒதுக்குங்கள். படிக்க நினைக்கும் தம்பி, தங்கச்சிமாரே, அந்த அறை திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே உங்கள் போனின் வைஃபை விபரத்தைத் திறந்து நான்கு வரிகளையும் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை வீட்டில் "நெட் இல்ல" என்று குரல் கேட்டால், எங்கே இல்லை என்று நீங்கள் சொல்லுங்கள்.